உன் வண்டிக்கு வேறு இன்ஜின்

சாவியை யாரிடமும் தராமல் இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்த என் அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உனக்கு எழுதத் தோன்றவில்லை. மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், அதுவே போதுமாக இருந்தது. இப்போது பயம் வந்துவிட்டது. பயந்தால் நான் யாரைக் கூப்பிடுவேன் என்று உனக்குத் தெரியாதா? பல்லி மேலே விழுந்தாலே "அக்கா" என்று தெருவுக்கே கேட்கக் கத்தியவள் நான்.

முதலில் நல்ல சேதி. உன் மகள் பவித்ரா முழுகாமல் இருக்கிறாள். மாதமும் நெருங்கிவிட்டது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டிலிருந்து பிரசவத்தை ஒட்டித்தான் லீவு கிடைக்குமாம். அதனால் செவிலிமேட்டில் உன் வீட்டைப் பூட்டிவிட்டு, அவளைப் பிள்ளையார்பாளையத்துக்கு எங்களோடு கூட்டிவந்துவிட்டேன். பகலெல்லாம் இவருடைய தறிச் சத்தம். "சித்தி, பேபி பொறந்ததும் பாரு, தறி ஓடினாத்தான் தூங்கும்" என்கிறாள். உன்னைப் போலவே எதையும் சிரிப்பாக்கிவிடுகிறாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் நான் அவள் மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

சின்ன வயதில் முட்டி வீங்கிக் காய்ச்சலில் கிடந்தாளே, அந்தக் காய்ச்சல் அவள் இதயத்தில் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போனது. அந்தக் கவலையைக் கடைசி வரை சுமந்தவள் நீ. இப்போது அந்த இதயம் வயிற்றுப்பிள்ளைக்கும் சேர்த்து வேலை செய்கிறது. வேலூர்ப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இதய டாக்டரும் பிரசவ டாக்டரும் சேர்ந்து பார்க்கிறார்கள். "வலி வந்தாலும் சரி, படுத்தா மூச்சு முட்டினாலும் சரி, நேரா இங்க வந்துடுங்க" என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் குரலில் மிரட்டல் இல்லை. அதுதான் என்னை மிரட்டியது.

108-ஐக் கூப்பிட்டால் பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவார்களாம். வாடகைக் காருக்கு இரண்டு பேருடைய நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். முகூர்த்த சீசனில் பட்டு எடுக்க வரும் கூட்டத்தை ஏற்றி இறக்கவே அவர்களுக்கு நேரம் போதவில்லை, போனையே எடுப்பதில்லை. மிச்சம் இருப்பது உன் வெள்ளை வண்டிதான். சிரிக்காதே, நான் லைசென்ஸ் எடுத்துவிட்டேன். ரிவர்ஸில் மட்டும் இன்னும் இவர் கீழே இறங்கி நின்று கத்த வேண்டியிருக்கிறது.

அந்த வண்டியைப் பார்த்தாலே எனக்கு உன் கடைசி நாள்தான் கண்முன் வரும். நெஞ்சு வலித்த அன்று நீ யாரையும் கூப்பிடவில்லை. நீயே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாய். கோட்டுக்குள் நேராக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை வாட்ச்மேன் கையில் கொடுத்து, "என் தங்கச்சி வருவா, அவ கையில குடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்து போயிருக்கிறாய். பெற்ற மகளிடம்கூடத் தராத சாவி. அன்றைக்கு மட்டும் ஏன் கொடுத்தாய் அக்கா? தெரிந்துதான் கொடுத்தாயா?

சரி, நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் பரிசோதனைக்குக் கிளம்பினோம். பவித்ரா பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். ஊரைத் தாண்டி ஹைவேயில் ஏறியதும் எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது. தாமல் ஏரி கண்ணில் படும் இடத்தில் வண்டி இழுக்கவில்லை. சூட்டைக் காட்டும் முள் எப்போது உச்சிக்குப் போனது என்று நான் பார்க்கவேயில்லை, லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் வெள்ளையாகப் புகை எழும்பியது. ஒரு கரகரப்பு. அதோடு எல்லாம் நின்றுபோனது.

நல்லவேளை, உருண்டபடியே ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆனால் அது என்ன ஓரம்? ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் வண்டி குலுங்கியது. பின்னால் வருகிற ஏதாவது ஒரு டிரைவர் ஒரு நொடி கண்ணசந்தால் போதும். கதவைத் திறந்து பவித்ராவை இறக்கி, கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எப்படிக் கொண்டுபோனேன் என்றே தெரியவில்லை. வெயில். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "சித்தி, டென்ஷன் ஆவாத, நான் ஓகேதான்" என்றாள், உதடு வெளுத்திருந்தது. அன்றைக்கு வெறும் பரிசோதனை. அதுவே வலியோடு போன பயணமாக இருந்திருந்தால்? இந்தக் கேள்வி என்னைச் சாப்பிட விடவில்லை.

ஐயம்பேட்டை போகிற வழியில் காதர் பாய் பட்டறை இருக்கிறதே, நீ எப்போதும் விடுவாயே, அங்கேதான் இழுத்துக்கொண்டு போனோம்; போன் போட்டதும் இவரும் அங்கே வந்துவிட்டார். ரேடியேட்டர் மூடியைத் திறந்தவர் மூக்கை உறிஞ்சினார். விரலை விட்டு எடுத்தார். பசை போல வழவழவென்று வந்தது.

"இன்னாமா இது? சோறு வடிச்சி உள்ள ஊத்தினீங்களா?"

நானும் பவித்ராவும் ஒரே நேரத்தில் இவரைத் திரும்பிப் பார்த்தோம். இவர் முகம் செத்துப்போயிருந்தது.

வண்டிக்கென்று டிக்கியில் ஒரு வெள்ளைக் கேன் தண்ணீர் வைத்திருப்பாயே, நினைவிருக்கிறதா? நீ போன பிறகு அது எங்கள் வீட்டுக்கு வந்தது. மூடி இறுக்கமான நல்ல கேன். தறியில் பாவு நூல் விறைக்கப் போடும் கஞ்சியை வடிகட்டி அதில் ஊற்றி வைத்துக்கொண்டார் இவர். எங்களைப் போன்ற வீடுகளில் எந்தப் பாத்திரத்துக்கும் கடைசியில் அதுதான் கதி. பரிசோதனைக்குக் கிளம்பிய காலை, நான் கேட்காமலேயே, வண்டிக்குத் தண்ணீர் பார்க்கிறேன் என்று பானட்டைத் திறந்திருக்கிறார். அக்கா கேன்தானே என்று எடுத்து ஊற்றிவிட்டார். கஞ்சி வாசனையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது வாசனையாகவே தெரியவில்லை.

"அக்கா கேன்ல தண்ணிதான் இருக்கும்னு நெனச்சிக்கினு ஊத்திட்டேன்மா" என்றார். எனக்குக் கோபம் வந்தது. காதர் பாய் பட்டறை என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். பிறகு வீட்டுக்கு வந்து பார்த்தால் தறியில் உட்கார்ந்திருக்கிறார், கால் மிதிக்கவில்லை, கை ஊடை நூல் ஓட்டும் நாடாவைத் தொடவில்லை. "அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆயிருந்தா அக்கா மூஞ்சில எப்படிமா முழிப்பேன்?" என்று கேட்டார். நீ செத்துப்போனவள் என்பதை அந்த நேரத்தில் அவர் மறந்துவிட்டார். நானும் திருத்தவில்லை.

இன்ஜினைப் பிரித்துப் போட்ட பிறகு காதர் பாய் எங்களைக் கூப்பிட்டார். ஹெட்டு சூட்டில் வளைந்துவிட்டது, பிஸ்டன் பிடித்துக்கொண்டது, வால்வும் போச்சு என்றார். வால்வு என்ற சொல்லைக் கேட்டதும் நான் பவித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். உன் மகள்தானே.

"உங்க இன்ஜினையே ரெடி பண்லாம்மா. சிலிண்டரக் கடைஞ்சி போர் அடிச்சி, பிஸ்டன் மாத்தி, எல்லாம் செய்லாம். ஆனா பிளாக்குல முடி மாதிரி ஒரு விரிசல் இருக்குதோன்னு டவுட்டு. ஓடும். எத்தினி நாளுன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார். லேத்து வேலைக்கு அனுப்பினால் எப்போது திரும்பி வரும் என்பதற்கும் உறுதி இல்லையாம்.

மாப்பிள்ளை மஸ்கட்டிலிருந்து வீடியோ காலில் வந்தார். "அத்தை, பழசை எதுக்குக் கட்டிக்கினு அழணும்? புது மாடல்ல வர்ற பெரிய இன்ஜினைப் போட்டுடலாம். ஹைவேல ஓவர்டேக் எடுத்தா சும்மா பிச்சிக்கும்!" பாவம், அவ்வளவு தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், தன் பங்குக்கு வேகத்தையாவது அனுப்பப் பார்க்கிறார். நான் யாரையும் ஓவர்டேக் செய்யப் போவதில்லை என்று சொன்னேன். காதர் பாயும் அதைக் கேட்டு ஒரு பாட்டம் சொல்லித் தீர்த்தார். பெரிய இன்ஜின் என்றால் அது உட்காரும் இடத்தை வெட்டி ஒட்ட வேண்டும், கியர் பாக்ஸ், வயரிங், கம்ப்யூட்டர் டப்பா எல்லாம் கூடவே வர வேண்டும், ஆர்டிஓ ஆபீஸில் முன்கூட்டியே அனுமதி வேண்டும். "வேகம் ஏறிட்டா பிரேக்கும் அதுக்கு ஏத்தா மாதிரி வேணும்லமா? காசு லட்சத்தத் தாண்டிடும். உங்களாண்ட நாளும் இல்ல."

மூன்றாவது வழி, இதே வண்டியின் இதே இன்ஜின், பழையது, சென்னையில் வண்டி உடைக்கும் கடையிலிருந்து. செலவும் குறைவு, நாளும் குறைவு. ஆனால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் இன்ஜினைத் துடைத்து விற்பார்களாம். திருட்டு வண்டியுடையதும் வருமாம். இதைக் கேட்டால் யாருக்குத்தான் துணிச்சல் வரும்? இரண்டு நாள் நான் பேயறைந்தவள் போலத் திரிந்தேன். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது தாமலில் நிற்பதாகவே எனக்குத் தெரிந்தது. அவள் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்பதாகவே தெரிந்தது. நீ இருந்தால் ஒரு நிமிடத்தில் முடிவு சொல்லியிருப்பாய், அது தப்பாக இருந்தாலும் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

முடிவு சொன்னவர் இவர்தான். சோறு போடும்போது மெதுவாக வாயைத் திறந்தார். "நம்ம தறியில எதனா சரியில்லன்னா சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சிடுது. வேற ஆள் தறியில ஒக்காந்தா தெரியாது. அந்த வண்டிச் சத்தம் ஒனக்குக் காதுல பழகிக்கீது. அக்கா தெருமுனைல திரும்பறப்பவே உள்ள இருந்துக்கினு சொல்லுவியே, அக்கா வருதுன்னு. அதே இன்ஜினா இருந்தா, ஏதாவது மாறினா ஒனக்குத் தெரியும்மா."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். முள்ளைப் பார்க்க நான் மறக்கலாம், காதை எங்கே விட்டுவிட்டுப் போக முடியும்?

பணக் கணக்கைப் பவித்ரா போட்டாள். இன்ஜின் மட்டும் முப்பதாயிரத்தை ஒட்டி வந்தது. ஆனால் கஞ்சி அடைத்த ரேடியேட்டர், ஓஸ் குழாய், கிளட்ச் பிளேட், இன்ஜின் உட்காரும் ரப்பர், ஆயில், கூலி என்று சேர்க்கச் சேர்க்க அது இன்னொரு மடங்கானது. என் சீட்டுப் பணம் பாதியைத் தாங்கியது. ஆஸ்பத்திரிக்கென்று வைத்திருப்பதில் கை வைக்கவே கூடாது என்று இருவரும் சத்தியம் செய்துகொண்டோம். அப்போது அவள் உன் அரக்குக் கல்யாணப் புடவையை எடுத்து வந்தாள். அந்தக் காலத்து நல்ல ஜரிகை, உருக்குகிறவர்கள் நல்ல விலைக்கு எடுப்பார்கள். "அம்மா இதைக் கட்டி நான் பாத்ததே இல்ல சித்தி. வண்டியில பாக்காத நாளே இல்ல" என்றாள். புடவையை விற்றுவிட்டோம். முந்தானையில் ஒரு சாண் மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன். குழந்தைக்கு.

காதர் பாய் சென்னைக்குப் போய் இன்ஜினைக் கொண்டுவந்தார். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கம் காட்டினார். சேறு இல்லை, துரு இல்லை. ஆர்சி நகல், விற்றதற்கான கடிதம், எல்லாம் இருந்தது. எந்த வண்டியில் இருந்தது என்று கேட்டேன்.

"பின்னாடி அடி வாங்கின வண்டிமா. லாரி இட்ச்சிது. முன்பக்கம் ஒரு கீறல் இல்ல, இன்ஜின் கல்லு மாதிரி கீது."

பின்னால் லாரி இடித்த வண்டி. அக்கா, தாமலில் நான் எதை நினைத்து நடுங்கினேனோ, அது வேறு யாருக்கோ நடந்திருக்கிறது. "உள்ள இருந்தவங்க?" என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்றார் பாய். தெரியாமல் இதைப் பூட்ட வேண்டாம் என்றேன். பட்டறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இரும்புமா அது" என்றார் பாய். இரும்புதான். ஆனால் அதன் பின்னால் என் அக்கா மகள் உட்காரப் போகிறாள்.

விற்ற கடிதத்தில் ஒரு போன் நம்பர் இருந்தது. அங்கேயே நின்று அடித்தேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று நான் யோசித்திருக்கவேயில்லை. பிறகு ஒரு வயசான குரல், "யாரு?" என்றது.

விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். "நாங்க நல்லாத்தான் கீறோம்மா! சிக்னல்ல நின்னுக்கினு இருந்தோம், லாரிக்காரன் வந்து உட்டுட்டான். சம்சாரத்துக்குக் கொஞ்ச நாள் கழுத்துல பட்டை, அவ்ளோதான். வண்டிதாம்மா போச்சி" என்றார். பட்டறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த மனிதர் பயந்துபோய், "யம்மா, யம்மா, யாருக்கு வாங்குற?" என்றார். பிரசவத்துக்கு வண்டி வேண்டும் என்றேன். "காலைல ஸ்டார்ட் பண்ணதும் ஒடனே எடுக்காத. செத்த உறுமவுட்டு எடு. ஒரு நாள்கூட எங்களை ரோட்டுல உட்டதில்ல அது" என்றார். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "கொழந்த பொறந்தா போன் பண்ணச் சொல்லுங்க" என்று கத்தியது. கழுத்துப் பட்டைக்காரம்மா.

"பூட்டுங்க பாய்" என்றேன்.

இப்போது உன் வண்டி ஓடுகிறது. இன்ஜின் நம்பர் மாறியதால் ஆர்சியில் மாற்றச் சொல்லி மனு போட்டிருக்கிறோம். அதோடு உன் பெயரையும் எடுத்துவிட்டு பவித்ரா பெயரைப் போட வேண்டுமாம். கையெழுத்துப் போடும்போது அவள் பேனா கொஞ்ச நேரம் நின்றது. உள்ளே இருப்பது உன் இன்ஜின் இல்லை, இனி தாளிலும் நீ இல்லை. அப்புறம் எதை வைத்து அதை உன் வண்டி என்று சொல்வது? ஆனால் முதல் தடவை தெருவுக்குள் அதை ஓட்டி வந்தபோது, பக்கத்து வீட்டம்மா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஓட்டி வந்தது நீ இல்லை என்று கண்டதும் உள்ளே போய்விட்டார். அதே சத்தம்.

நேற்று இவரை ஏற்றிக்கொண்டு தாமல் வரை போய்ப் பார்த்தேன். அந்த இடம் வந்ததும் கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. முள் பாதியில் நின்றது. சத்தம் மாறவில்லை. ஏரியைத் தாண்டிப் போய்த் திரும்பினோம். கூலன்ட்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரே கூடாது என்று பாய் கண்டிப்பாகச் சொல்லியும், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று இவர் ஒரு புதுக் கேன் வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறார். தினமும் மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்க்கிறார். சிரித்தால் கோபம் வருகிறது.

என் பயம் போகவில்லை. உன்னிடம் பொய் சொல்ல முடியாது. இன்ஜினை மாற்றலாம், அவள் நெஞ்சுக்குள் இருப்பதை நான் எப்படி மாற்ற? இதை எழுதும்போது அவள் பக்கத்து அறையில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து தூங்குகிறாள். போன வாரம் இரண்டுதான் வைத்திருந்தாள். டாக்டரிடம் போனில் சொன்னேன், நாளை காலை கூட்டிவரச் சொன்னார். துணியை எடுத்து வைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். அதனால் நாளை வண்டி எடுக்கப் போகிறேன்.

வாசலில் ஒரு வாட்ச்மேன் இருப்பார், எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் ஒருவர் இருப்பார். வண்டியைக் கோட்டுக்குள் நேராக நிறுத்துகிறேன், உன் அளவுக்கு வராது. சாவியைக் கொடுக்க வேண்டி வந்தால் கொடுப்பேன். ஆனால் தங்கச்சி வருவா, யாராவது வருவாங்க என்று சொல்ல மாட்டேன் அக்கா. "நானே வந்து வாங்கிக்கிறேன், பின் சீட்டுல ரெண்டு பேரை ஏத்திக்கினு போவணும்" என்று சொல்லித்தான் கொடுப்பேன். சொன்னபடி வந்து வாங்குவேன்.

உன் சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது.

வருவாள் என்று நீ சொன்னபடியே வந்து நிற்கும்,
உன் தங்கச்சி